ஒரு மைதானம், மூன்று பெயர்கள்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கால்பந்தாட்டத்தில் என்ன ஜோலி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்குப் பந்தை உதைக்கத் தெரியாது. 'ஆஃப்ஸைடு' என்றால் என்ன என்று விஷயம் தெரிந்த நண்பர்கள் இருவர் எனக்கு விளக்க முற்பட்டு, கடைசியில் அவர்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு போனதுதான் மிச்சம். ஆனால் சில சரித்திரங்கள் இருக்கின்றன. அவற்றை ஒரு நாவலாக எழுதி அனுப்பினால், "இவ்வளவு பொருத்தமாக வாழ்க்கையில் நடக்குமா, ஸார்?" என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். ஜார்ஜியா தேசத்தின் திபிலிஸி நகரத்து டினாமோ என்ற கால்பந்துக் கழகத்தின் சரித்திரம் அந்த ரகத்தைச் சேர்ந்தது. ஆகவே அதை நாவலாக எழுதாமல் கட்டுரையாக எழுதுகிறேன்.

ஜார்ஜியா என்றதும் அமெரிக்காவில் உள்ள ஜார்ஜியா மாகாணத்துக்குப் போய்விடாதீர்கள். இது கருங்கடலுக்குக் கிழக்கே, காக்கஸஸ் மலையின் தென்சரிவில் உள்ள சிறு நாடு. திராட்சைத் தோட்டங்களும், கல்லால் கட்டிய பழைய மாதா கோவில்களும் நிறைந்த நாடு. அந்த ஜனங்களின் பாஷை ருஷ்ய பாஷைக்கு எந்த விதத்திலும் உறவானதல்ல. அதற்கென்று தனி எழுத்தும் உண்டு. 1801-இல் ருஷ்யச் சக்கரவர்த்தி அந்த நாட்டைத் தம் ராஜ்யத்துடன் சேர்த்துக்கொண்டார். 1918-இல் விடுதலை கிடைத்தது. 1921-இல் செஞ்சேனை உள்ளே வந்தது, விடுதலை போயிற்று. மூன்று வருஷத்துச் சுதந்திரம் ஒரு கனவு மாதிரி ஜனங்களின் மனத்தில் தங்கிவிட்டது.

கால்பந்து அங்கே கடல் வழியாக வந்தது என்கிறார்கள். போட்டி என்ற துறைமுகத்தில் கப்பலை நிறுத்திவிட்டுப் பொழுது போகாமல் இங்கிலீஷ் மாலுமிகள் உதைத்த பந்தை உள்ளூர்ப் பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொண்டார்களாம். (ஊரின் பெயரே போட்டிதான், நான் சிலேடைக்காக வைத்ததல்ல.) ஆனால் பந்து அவர்களுக்குப் புதிதல்ல. அந்தக் கடற்கரையை அடுத்த குரியா பிரதேசத்தில் ஷுகுதி என்று ஒரு கிராமம். ஈஸ்டர் பண்டிகையன்று மேலூரும் கீழூரும் எதிரெதிராக நின்று 'லேலோ' ஆடுவது இன்றைக்கும் வழக்கம். தோலுக்குள் மண்ணைத் திணித்து, மதுவை ஊற்றித் தைத்த பந்து. எடை ஏறக்குறைய 16 கிலோ! இத்தனை பேர்தான் ஆடலாம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. பந்தைத் தங்கள் பக்கத்து ஓடைக்கு அப்பால் கொண்டு சேர்த்தவர்கள் ஜயித்தவர்கள். ஜயித்த பிறகு என்ன செய்வார்கள் தெரியுமா? இறந்துபோன தங்கள் ஊர்க்காரர் ஒருவருடைய கல்லறையில் அந்தப் பந்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார்கள். இந்த ஒரு பழக்கத்தைப் பற்றிப் படித்த பிறகுதான் எனக்கு அந்த ஜனங்களின் மேல் தனி அபிமானம் உண்டாயிற்று.

இனி கழகத்துக்கு வருவோம். 'டினாமோ' என்பது ஸோவியத் நாடு முழுவதும் கிளைகள் கொண்ட ஒரு விளையாட்டுச் சங்கம். அதை 1923-இல் தொடங்கியவர்கள் யார்? ஆசிரியர்கள் அல்ல, மாணவர்கள் அல்ல, மில் தொழிலாளிகளும் அல்ல, ரகசியப் போலீஸ்காரர்கள்! அவர்களுடைய தலைவர் ஜெர்ஜின்ஸ்கியே சங்கத்துக்கும் பிதா. அதன் திபிலிஸிக் கிளையில் 1925-இல் கால்பந்துக் குழு பிறந்தது. ஆட்டக்காரர்கள் பெயரளவுக்கு அமெச்சூர்கள். சம்பளத்துக்காக ஆடுவது முதலாளித்துவ வழக்கம் என்று சட்டம் சொன்னதால், ஆட்டக்காரரின் பெயர் ஏதாவது ஓர் இலாகாவின் சம்பளப் பட்டியலில் இருக்கும். ஆசாமி மைதானத்தில் இருப்பார். உத்தியோக சாலைகளில் இதற்கு நேர்மாறான காட்சிகளை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா?

1936-இல் ஸோவியத் தேசிய லீக் போட்டி ஆரம்பமாயிற்று. திபிலிஸியை முதலில் இரண்டாம் வகுப்பில்தான் சேர்த்தார்கள். அதே வருஷம் இலையுதிர் காலத்துக்குள் முதல் வகுப்புக்கு ஏறியவர்கள், அதற்குப் பிறகு ஸோவியத் ஆட்டத்தை விட்டே விலகும் வரையில் ஒரு தடவைகூடக் கீழே இறங்கவில்லை. மாஸ்கோ டினாமோவுக்கும் கீவ் டினாமோவுக்கும் தவிர இந்தப் பெருமை வேறு யாருக்கும் கிடையாது.

அந்தக் காலத்து நாயகன் போரிஸ் பாய்ச்சட்ஸே. 1915-இல் குரியாவில் பிறந்து, போட்டி துறைமுகத்தில் ஆடிப் பழகியவர். பெரிய ஆட்டக்காரர், தங்கமான மனிதர். ஆனால் அவர் ஆடிய மைதானத்தின் பெயரைச் சொன்னால் கொஞ்சம் நடுக்கமாக இருக்கும். பேரியா மைதானம்!

லவ்ரென்டி பேரியா அப்போது ஜார்ஜியாவின் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர். 1938 முதல் ஸோவியத் நாடு முழுவதற்கும் ரகசியப் போலீஸின் எஜமானர். கண்ணாடி போட்ட, சாந்தமான குமாஸ்தா மாதிரி முகம். அவருடைய ஆட்சியில் ஜார்ஜியாவின் எழுத்தாளர்கள் பட்ட பாட்டை என்னைப் போன்றவன் எப்படிச் சொல்லாமல் விடுவது? 1937-இல், தலைசிறந்த நாவலாசிரியரான மிகெயில் ஜவாகிஷ்விலியைச் சுட்டுக் கொன்றார்கள். கவி திட்ஸியான் தாபிட்ஸேயையும் அதே வருஷம் கொன்றார்கள். அவருடைய நண்பரான கவி பாவ்லோ யாஷ்விலி, எழுத்தாளர் சங்கக் கட்டடத்துக்குள்ளேயே தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். ஒரு பக்கம் இது நடந்துகொண்டிருக்க, மறு பக்கம் அதே ஊரில், பேரியாவின் பெயர் பொறித்த மைதானத்தில், ஆயிரக்கணக்கான ஜனங்கள் பாய்ச்சட்ஸேயின் ஆட்டத்தைக் கண்டு ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை நான் குற்றம் சொல்லத் தயாராயில்லை. வாய்விட்டுக் கத்துவதற்கு அனுமதி இருந்த இடம் அது ஒன்றுதானே?

பேரியாவுக்குக் கால்பந்துப் பைத்தியம் உண்டு. மாஸ்கோவின் ஸ்பார்டக் கழகத்தை நிறுவிய நிகொலாய் ஸ்டாரோஸ்தின், இளமையில் பேரியாவுடன் எதிர்க் கட்சியில் ஆடியதாகவும், பேரியா முரட்டு ஆட்டம் ஆடியதாகவும் பிற்காலத்து நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்த ஸ்பார்டக் கழகத்தார் 1939 செப்டம்பரில் கோப்பைப் போட்டியின் அரையிறுதி ஆட்டத்தில் திபிலிஸியை 1-0 என்று தோற்கடித்தார்கள். பந்து கோட்டைத் தாண்டவே இல்லை என்று திபிலிஸித் தரப்பு ஆட்சேபித்தது, ஆட்சேபம் தள்ளுபடியாயிற்று. ஸ்பார்டக் இறுதி ஆட்டத்தையும் ஆடி, லெனின்கிராட் குழுவை 3-1 என்று ஜயித்து, கோப்பையையும் கையில் வாங்கியாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்தது உத்தரவு: அரையிறுதியை மறுபடி ஆட வேண்டும்! கல்யாணம் முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர்வலம் போனபின் நிச்சயதார்த்தத்தைத் திரும்பச் செய்யச் சொன்ன கதைதான். செப்டம்பர் 30-ஆம் தேதி ஆடினார்கள். ஸ்பார்டக் மறுபடியும் ஜயித்தது. இந்தத் தடவை 3-2.

1942-இல் ஸ்டாரோஸ்தினையும் அவருடைய சகோதரர்கள் மூவரையும் கைது செய்தார்கள். பத்து வருஷம் சிறைவாசம். அரையிறுதிக்குப் பேரியா வாங்கிய பழி அது என்பது ஸ்டாரோஸ்தினின் கட்சி. அவர்கள் மேல் வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன என்று சரித்திர ஆசிரியர்கள் சிலர் தயங்குகிறார்கள். எனக்கு அவர் சொல்வதில் உள்ள இன்னொரு விஷயந்தான் சுவாரசியமாயிருக்கிறது: முகாமுக்கு முகாம் அவரை மாற்றியபோதெல்லாம், அங்கங்கே இருந்த அதிகாரிகள் தங்கள் காவலர் குழுவுக்குக் கால்பந்து சொல்லித்தர ஆள் கிடைத்ததென்று அவரை வரவேற்றார்களாம். கால்பந்து அவரைச் சிறைக்கு அனுப்பியதோ இல்லையோ, சிறையில் உயிரோடு வைத்திருந்தது.

இங்கேதான் நான் ஆரம்பத்தில் சொன்ன பொருத்தம் வருகிறது. கிரெம்ளின் மாளிகையில் ஸ்டாலின்; அவர் ஜார்ஜியாக்காரர். போலீஸ் இலாகாவில் பேரியா, அவரும் ஜார்ஜியாக்காரர். கழகமோ போலீஸ் கழகம். இப்படி அரசனும் மந்திரியும் சொந்த ஊர்க்காரர்களாக வாய்த்த காலத்தில் கோப்பைகள் குவிந்திருக்க வேண்டாமா? ஒன்றுகூட இல்லை! கோப்பையின் இறுதி ஆட்டத்தில் 1936-இல் தோல்வி, 1937-இல் தோல்வி, 1946-இல் தோல்வி. லீக் போட்டியில் 1939, 1940, 1951 மூன்று வருஷங்களிலும் இரண்டாவது இடம். 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். ஜூனில் பேரியாவைப் பிடித்து, வருஷ முடிவில் சுட்டார்கள். மைதானத்திலிருந்து அவர் பெயரையும் எடுத்தார்கள். அந்த வருஷமும் திபிலிஸிக்கு இரண்டாவது இடந்தான். பேரியா ஒருவனுடைய மனத்தில் பயத்தை உண்டாக்கலாம். கோல் உண்டாக்குவது வேறு வித்தை போலிருக்கிறது.

கடைசியில் வெற்றி வந்தது 1964-இல். அந்த அக்டோபரில்தான் குருஷ்சேவைப் பதவியிலிருந்து இறக்கியிருந்தார்கள். பத்திரிகைகள் என்ன எழுதுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த சமயம். லீக் முடிவில் திபிலிஸியும் மாஸ்கோ டார்பிடோவும் ஆளுக்கு 46 புள்ளிகள். இருவருக்கும் சொந்தமில்லாத ஊரில் தனி ஆட்டம் வைப்பதென்று முடிவாகி, நவம்பர் 18-ஆம் தேதி தாஷ்கண்டில் ஆடினார்கள். டார்பிடோ முதல் கோல் போட்டது. திபிலிஸி சமன் செய்தது. மேல்நேரம் கொடுத்தார்கள். அந்த அரைமணியில் திபிலிஸிக்காரர்கள் மூன்று கோல் போட்டு 4-1 என்று முடித்துவிட்டார்கள். அதுவரையில் மாஸ்கோவுக்கு வெளியே இந்தப் பட்டத்தை வாங்கியது 1961-இல் கீவ் நகரம் மட்டுமே. பயிற்சியாளர் கச்சாலின் என்ற ருஷ்யர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் குழுவில் இடது ஓரத்தில் மிகெயில் மெஸ்கி, வலது ஓரத்தில் ஸ்லாவா மெத்ரெவேலி. இருவரும் 1960-இல் பாரிஸில் ஐரோப்பியக் கோப்பையை ஜயித்த ஸோவியத் குழுவில் ஆடியவர்கள். மெஸ்கியை ஜார்ஜியாவின் கர்ரிஞ்சா என்பார்கள். தடுக்க வந்தவனைப் பந்து ஒரு பக்கமும் தாம் ஒரு பக்கமுமாகச் சுற்றிப்போய், அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி பந்தோடு சேர்ந்துகொள்வது அவருடைய பிரசித்தமான வித்தை. முன்பாதியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், இடைவேளையில் எழுந்து எதிர்ப் பக்கத்துக்கு இடம் மாறுவார்களாம். நான் இதை நம்புகிறேன். நம் ஊர்க் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இது அதைவிட மரியாதையான எழுச்சி.

1978-இல் இரண்டாவது லீக் பட்டம். அந்த வருஷத்தில் வேறொன்றும் நடந்தது. புதிய அரசியல் சட்டத்தில் ஜார்ஜிய பாஷைக்கு இருந்த ஆட்சிமொழி அந்தஸ்தை எடுத்துவிட ஏற்பாடாயிற்று. ஏப்ரல் 14-ஆம் தேதி திபிலிஸியின் வீதிகளில் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். தாய்மொழி விஷயத்தில் இளைஞர்கள் எப்படிக் கொதிப்பார்கள் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஸோவியத் நாட்டில் அதற்குமுன் காணாத அதிசயமாக, துப்பாக்கி வெடிக்கவில்லை, மாஸ்கோ பின்வாங்கியது. பாஷை தன் இடத்தில் தங்கிற்று. அந்த வருஷம் மைதானத்தில் கூடிய கூட்டம் வெறும் பந்தை மட்டும் பார்க்கக் கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. பழைய மைதானத்தைப் பெரிதாக்கிக் கட்டி 1976-இல் திறந்திருந்தார்கள். இப்போது அதன் பெயர் லெனின் மைதானம். 1979 அக்டோபரில் அங்கே ஐரோப்பாவின் ஜாம்பவானான லிவர்பூல் குழு வந்து 3-0 என்று தோற்றுத் திரும்பியது.

1981-இல் கோப்பை வென்றவர்களுக்கான ஐரோப்பியக் கோப்பைப் போட்டி. பயிற்சியாளர் நோதார் அகல்கத்ஸி. லண்டனுக்குப் போய் வெஸ்ட் ஹாம் குழுவை அதன் சொந்த மைதானத்திலேயே 4-1 என்று தோற்கடித்தார்கள். தோற்ற ஊர் ஜனங்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். அரையிறுதியில் ஹாலந்தின் ஃபெயெனூர்ட். இறுதி ஆட்டம் மே 13-ஆம் தேதி மேற்கு ஜெர்மனியின் டூஸல்டார்ஃபில். எதிரி, கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் யெனா. கம்யூனிஸ்ட் நாட்டுக் குழுக்கள் இரண்டு. இரு தரப்பு ரசிகர்களுக்கும் இஷ்டப்படி எல்லை தாண்ட உரிமை கிடையாது. உள்ளூர் ஜெர்மானியர்களுக்கோ அக்கறை இல்லை. பிரம்மாண்டமான அந்த மைதானத்தில் கூடியவர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு என்கிறது கணக்கு. ஒரு தேசத்தின் வாழ்நாள் வெற்றி காலிப் பெஞ்சுகளுக்கு முன்னால் அரங்கேறியது.

ஆனால் திபிலிஸியில் வீட்டுக்கு வீடு ஜனங்கள் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஆட்டத்தை வர்ணித்தவர் கோத்தே மகராட்ஸே என்ற நாடக நடிகர். மேடையில் பழகிய குரல். 63-ஆவது நிமிஷத்தில் ஜெர்மானியர்கள் கோல் போட்டார்கள். நாலு நிமிஷத்துக்குள் குத்ஸாயெவ் சமன் செய்தார். ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கையில் தராஸேலியா பந்தை வாங்கி, குறுக்கே வந்த இருவரை இப்படியும் அப்படியும் ஏமாற்றி உள்ளே அடித்தார். 2-1. ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வாங்கிய ஸோவியத் குழு அதற்குமுன் கீவ் மட்டுமே. அதற்குப் பின்னும் வேறொன்றும் இல்லை. 26 கோடி ஜனங்கள் கொண்ட ஸோவியத் நாட்டில் ஜார்ஜியாவின் பங்கு சுமார் 50 லட்சம்.

அந்த இரண்டு கோல்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். விளாதிமிர் குத்ஸாயெவ் திபிலிஸியில் பிறந்தவர். ஆனால் குலத்தால் ஒஸ்ஸேத்தியர். விதாலி தராஸேலியா அப்காஸியாக் கடற்கரையில் ஒச்சாம்சிரே என்ற ஊரில் பிறந்தவர். அன்றைக்கு ஜார்ஜியாவில் யாரும் இதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். பத்து வருஷத்துக்குப் பிறகு, 1991-92-இல் தெற்கு ஒஸ்ஸேத்தியாவில் யுத்தம். 1992-93-இல் அப்காஸியாவில் யுத்தம். லட்சக்கணக்கான ஜனங்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். ஒச்சாம்சிரே வேலிக்கு அப்பால் போய்விட்டது. தராஸேலியா இதைப் பார்க்கவில்லை. கோல் அடித்த மறு வருஷம், 1982 டிசம்பரில், மலைப் பாதையில் காரில் போகும்போது விபத்தில் இறந்துபோனார். வயது 25.

அந்தக் குழுவின் மூளை என்று எல்லோரும் கொண்டாடிய தாவித் கிப்பியானியும் அப்படியே. 1981-இல் ஸ்பெயினில் ஒரு சிநேக ஆட்டத்தில் கால் முறிந்தது, மறு வருஷத்து உலகக் கோப்பைக்குப் போக முடியவில்லை, ஆட்டத்தையே விட்டார். 2001-இல் அவரும் கார் விபத்தில் போனார். பாதி ஆட்டத்தில் வெளியே அழைக்கப்பட்டவர்கள் அந்தக் குழுவில் அதிகம்.

1989 ஏப்ரல் 9-ஆம் தேதி விடியற்காலம், திபிலிஸியில் சுதந்திரம் கேட்டுக் கூடியிருந்த ஜனங்கள்மேல் ஸோவியத் சேனை பாய்ந்தது. 21 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். அதற்குப் பிறகு மாஸ்கோவுடன் பந்தாட அவர்களுக்கு மனம் வரவில்லை. 1990-இல் ஜார்ஜியக் கழகங்கள் ஸோவியத் லீக்கிலிருந்து விலகின. நாடு விடுதலை பெற்றது 1991-இல்; கால்பந்து ஒரு வருஷம் முந்திக்கொண்டது! டினாமோ என்ற போலீஸ் பெயரையும் உதறிவிட்டு, புராதன ராஜ்யத்தின் பெயரால் 'இபேரியா' என்று வைத்துக்கொண்டார்கள். 1990 மார்ச் 30-ஆம் தேதி புதிய தேசிய லீக்கின் முதல் ஆட்டம். மைதானத்தில் திருவிழாக் கூட்டம். எதிரி யார் தெரியுமா? மாலுமிகளின் பந்து வந்திறங்கிய அதே போட்டி ஊர்க் குழு. போட்டி ஜயித்தது, 1-0.

பட்டம் என்னவோ இபேரியாவுக்குத்தான் கிடைத்தது. ஆனால் பெயர் ஒட்டவில்லை. 1992-லேயே மறுபடி டினாமோ ஆகிவிட்டார்கள். ஜெர்ஜின்ஸ்கியின் பெயர், பேரியாவின் பெயர் என்று வெறுத்துத் தூக்கி எறிந்ததை ஏன் குனிந்து பொறுக்கி எடுத்தார்கள்? எனக்குத் தோன்றுவது இது: அந்தப் பெயர் எப்போதோ போலீஸ்காரர்களின் கையை விட்டுப் போயிருந்தது. அது மெஸ்கியின் பெயர், கிப்பியானியின் பெயர், தராஸேலியாவின் பெயர். குழந்தைப் பருவத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து கத்திய பெயரை எந்த அரசாங்கம் வைத்தது என்று யார் விசாரிக்கிறார்கள்?

பிறகு நடந்ததெல்லாம் பெருமைப்படும்படியாக இல்லை. 1990 முதல் 1999 வரையில் தொடர்ந்து பத்துப் பட்டம். போட்டியே இல்லாத ஊரில் கிடைத்த பட்டம். 1993-இல் நடுவருக்கு லஞ்சம் கொடுக்க முயன்றதாக ஐரோப்பியப் போட்டியிலிருந்து வெளியேற்றினார்கள். மின்சாரமும் ரொட்டியும் இல்லாமல் ஊர் தவித்த வருஷங்கள் அவை. கெட்டிக்காரப் பிள்ளைகளை அன்னிய தேசங்களுக்கு விற்றுக் கழகம் ஜீவனம் நடத்தியது. அப்படிப் போனவர்களில் ஒருவரான காஹா கலாட்ஸே, மிலான் நகரத்துக் குழுவில் புகழ்பெற்றுத் திரும்பி, 2017-இல் திபிலிஸியின் மேயரானார். 2002 அக்டோபரில் ருஷ்யக் குழு திபிலிஸிக்கு வந்தபோது நடு ஆட்டத்தில் விளக்குகள் அணைந்து, ஆட்டமே நின்றது. வர்ணனை செய்துகொண்டிருந்த கிழவர் மகராட்ஸேக்கு அன்றிரவு பக்கவாதம் கண்டது. டிசம்பரில் காலமானார்.

மைதானத்துக்கு இப்போது மூன்றாவது பெயர். 1995-இல் லெனினுக்குப் பதிலாகப் பாய்ச்சட்ஸேயின் பெயரை வைத்தார்கள். போலீஸ் தலைவருக்கும் புரட்சித் தலைவருக்கும் பிறகு ஒரு பந்தாட்டக்காரருக்கு முறை வந்தது. அங்கேதான் 2024 மார்ச் 26-ஆம் தேதி, கிரேக்க நாட்டைப் பெனால்டியில் தோற்கடித்து, ஜார்ஜியா முதன்முதலாக ஐரோப்பியக் கோப்பையின் பெரிய பந்திக்குத் தகுதி பெற்றது. ஜூன் 26-ஆம் தேதி ஜெர்மனியில், டூஸல்டார்ஃபிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க கெல்ஸன்கிர்ஹன் நகரத்தில், போர்ச்சுகலை எதிர்த்து ஆடினார்கள். டினாமோவில் பந்து பழகிய குவராத்ஸ்கேலியா என்ற பையன் இரண்டாவது நிமிஷத்திலேயே கோல் போட்டான். முடிவு 2-0. இந்தத் தடவை எல்லையில் யாரும் தடுக்கவில்லை. மைதானத்தில் ஏறக்குறைய 50 ஆயிரம் பேர் இருந்தார்கள்.